தாடி இல்லாத பில்

அப்பா இறந்த மறுநாள் காலை, எங்கள் ஊர் வாரப் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் அவர் படத்துக்கு மேல் இப்படிப் போட்டிருந்தார்கள்: "நம் ஊர் பஃபலோ பில் மறைந்தார்." நான் சமையலறையில் நின்றபடியே அதைப் படித்தேன். கையில் இருந்த காபியைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் போனை எடுத்தேன்.

பத்திரிகையை நடத்துகிற கரோல் மீஸ் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

"கரோல், எங்கப்பா பஃபலோ பில் இல்லை. வைல்ட் பில்."

"மார்னி, விஷயம் கேள்விப்பட்டதும் எனக்கு ஒரு வேலையும் ஓடலை. எவ்வளவு நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன்தான். தலைப்பை மாத்து."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ரெண்டு ஆளு, கரோல். ரெண்டு அம்மா பெத்த ரெண்டு ஆளு."

"சரி, சரி. கோவப்படாத. மத்தியானத்துக்குள்ள மாத்திடறேன்."

சொன்னபடி மாற்றினாள். மத்தியானம் திறந்து பார்த்தால், "நம் ஊர் வைல்ட் பஃபலோ பில் மறைந்தார்" என்று இருந்தது.

எங்கள் ஊர் ஆஷ் க்ரீக், டெட்வுட்டுக்குப் போகிறவர்கள் பெட்ரோல் போட நிறுத்தும் இடம். நூறு வருஷத்துக்கும் முன்னால், பேர்பெற்ற துப்பாக்கிக்காரர் வைல்ட் பில்லைச் சுட்டுக் கொன்றது டெட்வுட்டில். எங்கள் ஊரில் அவர் கால் வைத்தார் என்பதற்கே ஆதாரம் ஒன்றும் கிடையாது. அதனால் என்ன, பெட்ரோல் போட நிறுத்துகிறவன் பிள்ளைகளுக்கு ஒரு ஐஸ்கிரீமும் வாங்கட்டும் என்று எங்கள் வியாபாரிகள் சங்கம் கோடை முழுக்கத் தினமும் மூன்று மணிக்கு மெயின் ஸ்ட்ரீட்டில் அவரைச் சாகடித்தது. செத்தவர் என் அப்பா, ஆர்டன் க்ளெவன். மற்ற நேரத்தில் அவர் மாவட்டச் சாலைகளில் சரளையைச் சமன்படுத்தும் வண்டி ஓட்டினார். குளிர்காலத்தில் பனி தள்ளினார்.

மேடை என்று ஒன்றும் இல்லை. பழைய வங்கிக் கட்டடத்தின் முன்னால் ஒரு மேசை, நாலு நாற்காலி, வாசல் என்று பேருக்கு ஒரு மரச்சட்டம். சீட்டாட்டம் நடந்துகொண்டிருக்கும். அப்பா வந்து, "எனக்கு அந்தச் சுவரோரத்து நாற்காலி வேணும், நான் வாசலுக்கு முதுகைக் காட்டி உக்கார மாட்டேன்" என்பார். அங்கே உட்கார்ந்திருப்பவர் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவார். வேறு வழியில்லாமல் அப்பா வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். பின்னாலிருந்து டெல்மர் யூல் வந்து, "நாசமாப் போறவனே, இந்தா வாங்கிக்க" என்று சொல்லிச் சுடுவார். அப்பா மேசைமேல் சாய்வார். கையிலிருந்து சீட்டுகள், இரண்டு ஏஸ், இரண்டு எட்டு, கீழே விழும். அவ்வளவுதான் நாடகம்.

டெல்மர் டயர் கடை வைத்திருப்பவர். ஊரிலேயே அவரைப் போலக் கூச்ச சுபாவம் யாருக்கும் கிடையாது. சபைக் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னால் தோள்வரை தூக்கிவிட்டு இறக்கிவிடுவார். அந்த ஒரு வசனத்தைத் தவிர அவர் நாலு பேர் முன்னால் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் சுட்டு முடித்ததும் கூட்டம் ஊளையிடும். ஒரு முறை ஒஹையோவிலிருந்து வந்த ஒரு அம்மாள் நிஜமாகவே கைப்பையால் அவர் தலையில் போட்டாள், அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். நாடகம் முடிந்ததும் டெல்மர் அப்பாவின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, "முட்டி வலிக்குதா ஆர்டன்?" என்று கேட்பார். இதுவும் தினமும் நடக்கும்.

அப்புறம்தான் அப்பாவுக்கு நிஜமான சோதனை. படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் வாயைத் திறப்பார்கள்.

"காட்டெருமையெல்லாம் எங்க சார்?"

"உங்க சர்க்கஸ்ல துப்பாக்கி சுடுமே அந்தப் பொண்ணு, அது வரலையா?"

"அலமோ கோட்டைச் சண்டையில செத்தது நீங்கதானே?"

அப்பா தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அப்படி வைத்தால் பாடம் ஆரம்பம் என்று அர்த்தம். ரயில்பாதை ஆட்களுக்குக் கறி கொடுக்க எருமைகளைச் சுட்டுத் தள்ளியது பஃபலோ பில். பிறகு குதிரை, வண்டி, ஆட்கள் என்று பெரிய காட்சிக் கம்பெனி வைத்து, லண்டன்வரை போய் ராணிக்கே காட்டியதும் அவர்தான். அவர் வயதாகிப் படுக்கையில் செத்தார். வைல்ட் பில் ராணுவத்துக்கு வழிகாட்டும் சாரணனாக இருந்தவர், ஷெரீஃபாக இருந்தவர், சூதாடி, நாற்பது வயதைத் தாண்டாதவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்தான். ஒரு குளிர்காலம் ஒரே நாடகத்தில் சேர்ந்து நடித்தும் இருக்கிறார்கள். வைல்ட் பில்லுக்கு நடிப்பு சுத்தமாக வரவில்லை, பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டார். அந்த ஒரு விஷயத்துக்காக அப்பாவுக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

"பஃபலோ பில்லுக்கு ஆட்டுத்தாடி உண்டு, எனக்கு மீசை மட்டும்தான்" என்று முகவாயைத் தடவிக் காட்டி முடிப்பார். அதற்குள் பிள்ளைகளின் ஐஸ்கிரீம் முழங்கைவரை வழிந்திருக்கும். அந்தக் குடும்பம் தலையை ஆட்டிவிட்டு, "ரொம்ப நன்றி பஃபலோ பில்" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போகும். சின்ன வயதில் நான் ஐஸ்கிரீம் கடை ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு இதைப் பார்ப்பேன். பூமி பிளந்து என்னை விழுங்கிக்கொள்ளாதா என்று இருக்கும். விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைப்பேன்.

அப்பாவால் விட முடியவில்லை. "அவன் மெத்தையில செத்தான் மார்னி. நான் தெனம் முதுகைக் காட்டிச் சாகறேன். செத்தவனுக்குக் கெடைக்க வேண்டியது அவன் பேருதானே, அதையுமா அடுத்தவனுக்குத் தூக்கிக் கொடுப்பாங்க?" என்பார்.

கடைசியாக ராப்பிட் சிட்டி ஆஸ்பத்திரியில் நுரையீரலில் நீர் கோத்துக் கிடந்தபோதும் அதே கதைதான். காலையில் வந்த நர்ஸ், நல்ல பெண், சிரித்த முகத்தோடு, "இன்னிக்கு நம்ம பஃபலோ பில் எப்படி இருக்கார்?" என்றாள். அப்பா மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாயைப் பிடுங்கிவிட்டுத் திருத்தினார். மெஷின் கத்தியது. அவள் ஓடிவந்து குழாயைத் திரும்ப மாட்டினாள். அவள் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என்னை அந்த ஆளாப் பொதைச்சுடாதீங்க."

"மாட்டோம்ப்பா."

"சர்ச்சுல, எல்லார் முன்னாடியும், ஒரு தடவையாவது சரியாச் சொல்லணும்."

"சொல்ல வைக்கறேன்."

"உன்னால முடியும். உனக்கு என் வாய்" என்றார். அதற்குப் பிறகு அவர் தெளிவாகப் பேசவில்லை.

ஆக, நான் வாக்குக் கொடுத்தவள். பத்திரிகைத் தலைப்பை மூன்றாவது தடவை திருத்த வைத்துவிட்டு நிமிர்வதற்குள் பூக்கடை ஜாய்லீன் வாசலில் வேனை நிறுத்தினாள். வியாபாரிகள் சங்கத்தின் சார்பில் மலரஞ்சலி. பின்கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு காட்டெருமை நின்றது. உடம்பு முழுக்கப் பழுப்புச் செவ்வந்தி, கொம்புக்கு வளைத்துக் கட்டிய காய்ந்த சோளத்தட்டை, கண்ணுக்கு இரண்டு கறுப்புப் பித்தான். ஒரு கன்றுக்குட்டி அளவு இருந்தது.

"ராத்திரி பூரா உக்காந்து குத்தினேன் கண்ணு" என்றாள். அவள் விரல்களில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

நான் என்ன சொல்ல? "ஜாய்லீன், அப்பா வாழ்நாள்ல ஒரு எருமையையும் தொட்டதில்லை. வைல்ட் பில்லுக்கும் எருமைக்கும் சம்பந்தமே கிடையாது."

"சங்கத்துலதான் சொன்னாங்க."

"சங்கத்துல இருக்கறவங்க எத்தனை வருஷம் அந்த நாடகத்தைப் பாத்திருக்காங்க?"

"அவங்க எங்க பாத்தாங்க? மூணு மணிக்கு அவங்கவங்க கடையிலல்ல இருப்பாங்க." அவள் கொம்பைச் சரிசெய்தாள். "ஆனா அழகா இருக்கில்ல?"

அழகாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. சர்ச்சில் கோட்டு மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஓரமாக வைக்கச் சொன்னேன். அவள் முகம் வாடியது. என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது, அவள்மேலும் வந்தது.

அன்று மாலை அப்பாவைப் பார்க்கப் போனேன். எங்கள் பக்கத்தில் சவ அடக்க ஏற்பாடெல்லாம் நெஸ்ஸெட்தான். மெல்லப் பேசுகிறவர், நடந்தால் தரை சத்தம் போடாது. "பாத்தீங்கன்னா சந்தோஷப்படுவீங்க. அப்படியே அந்தக் காலத்து ஆள் மாதிரி இருக்கார்" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

அப்பா அவருடைய கறுப்பு நீளக் கோட்டில் படுத்திருந்தார். நரைமுடியைச் சீவித் தோளில் படிய விட்டிருந்தார்கள். மீசை ஒழுங்காக இருந்தது. அதற்குக் கீழே, முகவாயில், மெழுகு தடவிக் கூராக முறுக்கிய ஒரு ஆட்டுத்தாடி.

ஆஸ்பத்திரியில் யாரும் சவரம் செய்துவிடவில்லை, தாடி வளர்ந்திருந்தது உண்மைதான். அதை மழிக்காமல் இந்த மனிதர் செதுக்கியிருக்கிறார்.

"இது என்ன?"

"சும்மா ஒப்புக்குச் செய்யலைங்க. போட்டோவை வெச்சுக்கிட்டு, பாத்துப் பாத்துச் செஞ்சேன்."

"எந்த போட்டோ?"

அவர் போனை நீட்டினார். வெள்ளைக் குதிரைமேல் பஃபலோ பில், தொப்பியைத் தூக்கிப் பிடித்தபடி.

 உயிரோடு இருந்தபோது ஒவ்வொரு கோடையிலும் முகவாயைத் தடவிக் காட்டிக் காட்டி மாய்ந்த மனிதர். செத்த பிறகு திருத்த வாய் இல்லை என்று தெரிந்ததும் தாடியையே வைத்துவிட்டார்கள்.

"ரேசர் குடுங்க."

"மார்னி, நானே எடுத்துடறேன். இந்த நேரத்துல தோல் ரொம்ப..."

"ரேசர் குடுங்க நெஸ்ஸெட்."

கொடுத்தார். அவரும் நல்லவர்தான், விளக்கை இழுத்து எனக்கு வாகாகப் பிடித்தார். எப்படிப் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கமாக இழுக்க வேண்டும் என்று தணிந்த குரலில் சொன்னார். அப்பாவின் முகவாய் குளிர்ந்திருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை முடித்தேன். அழுகை வரவில்லை. கோபம் அந்த இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கடைசியில், கீழுதட்டுக்கு அடியில், அப்பாவுக்கே உரிய அந்தச் சின்னத் தழும்பு தெரிந்தது. பனி தள்ளுகிற வண்டியின் கதவு இடித்தது. "இப்பத்தான் எங்கப்பா" என்றேன்.

"எங்க வீட்டுத் தெருவுலதான் அவர் முதல்ல பனி தள்ளுவார்" என்றார் நெஸ்ஸெட். "எனக்கு எப்ப வேணாலும் சாவு வீட்டுலேர்ந்து அழைப்பு வரும்னு தெரியும் அவருக்கு." இவ்வளவு தெரிந்தவருக்கு அது எந்த பில் என்று மட்டும் தெரிந்திருக்கவில்லை.

மிச்சம் இருந்தது பாஸ்டர் ஆன்ட்ரியா. மினியாபொலிஸிலிருந்து வந்து எங்கள் சபையை எடுத்துக்கொண்டு ஒரு கோடைகூட ஆகவில்லை. இளம்பெண், படிப்பாளி, எதையும் ஆழமாகக் கேட்டுக்கொண்டு தலையசைப்பவர். அவருடைய அறையில் உட்கார்ந்து முழுக்கதையையும் சொன்னேன். அப்பா கேட்டதையும் சொன்னேன்.

"கவலைப்படாதீங்க மார்னி. வைல்ட் பில். மறக்கவே மாட்டேன்."

"பஃபலோன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது பாஸ்டர்."

"வராது. நான் வேற படிச்சும் பாக்கறேன். இந்த மாதிரி வாழ்க்கையெல்லாம் பிரசங்கத்துக்கு எவ்வளவு பொருத்தமா இருக்கும்."

படித்துப் பார்க்கிறேன் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. படித்தவர் படித்துப் பார்க்கிறேன் என்கிறார், இனி என்ன பயம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

அடக்கத்தன்று லேசாகப் பனி பெய்தது. கோவில் நிறைந்திருந்தது. அயோவாவிலிருந்து அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன் ஹார்லன் பெரியப்பா முந்தின நாளே வந்திருந்தார். பன்றிப்பண்ணையை விட்டு அவர் எங்கும் நகர்ந்ததில்லை. தம்பி கோடையில் ஏதோ வேஷம் கட்டுவான் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். டெல்மர் கடைசி வரிசையில், கதவோரம் இருந்தார். அப்பாவின் சவப்பெட்டிக்கு நேர் பின்னால்.

பாட்டு முடிந்து பாஸ்டர் பேச ஆரம்பித்தார். "நம்ம ஆர்டன் க்ளெவனை இந்த ஊர் வேற ஒரு பேராலயும் அறியும்" என்றார். நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன்.

"வைல்ட் பில்."

தெளிவாக, நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு அப்போதுதான் என் தோள்கள் இறங்கின. கேட்டீங்களாப்பா என்று மனதுக்குள் சொன்னேன்.

"வைல்ட் பில் யாருன்னு நான் படிச்சுப் பாத்தேன்" என்றார் பாஸ்டர். "பரந்த புல்வெளியில பசியோட இருந்த தொழிலாளிகளுக்கு உணவு கொடுத்தவர். கடல் தாண்டிப் போய், விக்டோரியா ராணியையே மகிழ வெச்சவர்."

நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தேன். பேர் சரி. கதை அந்த ஆளுடையது. மொத்தமும் அந்த ஆளுடையது.

பாஸ்டரின் முகம் அன்பால் மின்னியது. "அவ்வளவு துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவுல வாழ்ந்த அந்த மனுஷனுக்குக் கடைசியில கர்த்தர் என்ன கொடுத்தார்? அமைதியைக் கொடுத்தார். நம்ம ஆர்டனைப் போலவே அவரும் வயசு நிறைஞ்சு, தன்னோட ஜனங்க சுத்தி நிக்க, மெத்தையில கண்ணை மூடினார்."

எழுந்திரு மார்னி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுந்திருக்க முடியவில்லை. வாரம் முழுக்க நான் கரோலிடம் கத்தினேன், பூக்காரியிடம் கத்தினேன், நெஸ்ஸெட்டை மிரட்டி ரேசரை வாங்கினேன். கத்த வேண்டிய ஒரே இடத்தில், அப்பாவின் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, தொண்டையில் ஒரு சத்தமும் இல்லை. உனக்கு என் வாய் என்று சொல்லிவிட்டுப் போனாரே என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"இல்லை பாஸ்டர்."

பின்னாலிருந்து வந்தது. எல்லாத் தலையும் திரும்பியது. டெல்மர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். தொப்பியை இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தார், முகம் ரத்தச் சிவப்பாக இருந்தது.

"அவர் மெத்தையில சாகலை. நான்தான் சுட்டேன்."

ஹார்லன் பெரியப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். "யாரு இந்த ஆளு?" என்று கிசுகிசுத்தார். பேசாமல் இருக்கும்படி நான் அவர் கையைத் தட்டினேன்.

"பின்னாலேர்ந்து சுட்டேன். தலையில" என்றார் டெல்மர். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "இருபது வருஷத்துக்கு மேல, கோடை முச்சூடும். மழை பேஞ்சா மட்டும் லீவு. யாரைச் சுட்டேன்னு எனக்குத் தெரியும் பாஸ்டர். ராணியைப் பாக்கப் போனவர் வேற. எருமை சுட்டவரும் அவர்தான். அவருக்கு தாடி உண்டு. அவர் மேல நான் கையே வெச்சதில்லை."

யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். டெல்மர் அதைக் கவனிக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர்டனுக்கு இது முக்கியம். தெனம் நான் தூக்கிவிடும்போது, 'இன்னிக்கு எத்தனை பேர் தப்பாச் சொன்னாங்கன்னு கேட்டியா டெல்மர்'னு கேப்பார். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், எனக்குப் பேச வராது." எச்சிலை விழுங்கினார். "இது வைல்ட் பில். சீட்டாடிக்கிட்டு இருந்தார். கையில ரெண்டு ஏஸு, ரெண்டு எட்டு. நல்ல கை. ஆடி முடிக்க விடலை நான்."

உட்கார்ந்துவிட்டார். பெஞ்சு முனகியது.

பாஸ்டர் ஆன்ட்ரியா கையிலிருந்த காகிதத்தை மடித்துப் பைபிளுக்குள் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எங்களைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க ஆர்டன்" என்றார். "வைல்ட் பில் டெட்வுட்ல, வாசலுக்கு முதுகைக் காட்டி உக்காந்திருக்கும்போது சுடப்பட்டார்." அதற்கு மேல் அவர் எதையும் சேர்க்கவில்லை. ஜெபத்துக்குப் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து, கோவிலின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றித்தொடைக்கறி வைத்த பன், உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு வேகவைத்த பதார்த்தம், காரட் துருவல் மிதக்கும் ஜெல்லி, தண்ணியாய்க் காபி. நடுவில் சபைப் பெண்கள் செய்த பெரிய கேக். அதன்மேல் சாக்லேட் கிரீமில் ஒரு காட்டெருமை நின்றுகொண்டிருந்தது. இதை வெட்டுகிறவரைக்குமாவது யாரும் என்னிடம் பேசாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

டெல்மர் ஒரு மூலையில் தட்டோடு நின்றார். வருகிறவர்கள் போகிறவர்கள் அவர் தோளைத் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் அவர் தட்டிலிருந்த ஜெல்லி நடுங்கியது. நான் அவரிடம் போய், "நான் எழுந்திருச்சிருக்கணும் டெல்மர்" என்றேன்.

"நீ எழுந்திருப்பேன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்" என்றார். "எழுந்திருக்கலையேன்னு பயமாப் போச்சு."

ஹார்லன் பெரியப்பா கேக் துண்டோடு எங்கள் பக்கம் வந்தார். டெல்மரை மேலும் கீழும் பார்த்தார். பயமும் மரியாதையும் கலந்த பார்வை.

"அப்ப நீங்கதான் ஜெஸ்ஸி ஜேம்ஸைப் பின்னாலேர்ந்து சுட்டவரா?"

டெல்மர் என்னைப் பார்த்தார். அன்றைக்கான பேச்சு அவரிடம் தீர்ந்துபோயிருந்தது, பார்த்தாலே தெரிந்தது. எனக்கும் கால் வலித்தது, தலை வலித்தது. ஆமாம் பெரியப்பா என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போயிருக்கலாம். அடுத்த வாரம் அவர் பன்றிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, தம்பி ஜெஸ்ஸி ஜேம்ஸாக இருந்தான் என்று சொல்வார். யாருக்கு என்ன நஷ்டம்?

"அது வேற ஆளு பெரியப்பா. உக்காருங்க" என்றேன்.

சுவரோரத்து நாற்காலியை இழுத்து நான் உட்கார்ந்தேன். அவரை எதிரில் உட்கார வைத்தேன். ஜெஸ்ஸி ஜேம்ஸ் கொள்ளைக்காரர் என்பதிலிருந்து தொடங்கினேன். அவரையும் பின்னாலிருந்துதான் சுட்டார்கள், ஆனால் மிசௌரியில், அவருடைய சொந்த வீட்டில், அவருடைய சொந்த ஆளே சுட்டான் என்றேன். டெட்வுட்டைச் சொன்னேன், நாற்காலியைச் சொன்னேன், சீட்டுகளைச் சொன்னேன். ரயில்பாதையையும் ராணியையும் மெத்தையையும் தனியாகப் பிரித்து, அதெல்லாம் அந்த இன்னொரு ஆளுடைய கணக்கில் வைத்தேன். முகவாயைத் தடவிக்கூடக் காட்டினேன். காபி ஆறியது. பக்கத்து மேசையில் ஒரு பெண் தன் மகளிடம், "அப்படியே ஆர்டன்" என்று சொன்னது காதில் விழுந்தது.

பெரியப்பா முழுவதும் கேட்டார். தாடையை மெதுவாக அசைத்து யோசித்தார். சரி, இப்போது ரொம்ப நன்றி, பஃபலோ பில் நல்ல மனுஷன் என்று சொல்லப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவர் தன் தட்டைப் பார்த்தார். அவருக்குக் கிடைத்த துண்டில் எருமையின் தலையும் ஒரு கொம்பும் இருந்தன. முள்கரண்டியால் அதை லேசாகக் குத்தினார்.

"அப்ப இதுல எருமை எதுக்கு?" என்று கேட்டார்.

அத்தனை கோடையில் ஒரு ஆள்கூட அப்பா சொன்னதைக் காதில் வாங்கி இப்படிக் கேட்டதில்லை. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வாரம் முழுக்க வராத அழுகைதான் வந்தது. டெல்மர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் கக்கத்தில் கை கொடுத்து, மெல்லத் தூக்கிவிட்டார்.